தொண்ணூற்றாறு எம்.பி.யில் ஒரு நாற்காலி

திருப்பூர்,
21.9.2008, ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூரில் பத்தாவது மாடியில் குடியிருந்தாலும் பெரியவர்களிடம் குனிந்தே பேசுகிற எங்கள் மாப்பிள்ளை சுரேஷ் அவர்களுக்கு, மாமனார் ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சாரதாமணியும் சுகம். கரண்ட்டு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்கள், மைதிலி, கரண்ட்டு உட்பட அனைவரும் சுகமாக இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. தாங்கள் ஆனி மாதம் கூரியரில் அனுப்பிய லினக்ஸ் என்ற சி.டி.யும், அதனுடன் இணைத்திருந்த துண்டுச் சீட்டும் கிடைக்கப்பெற்றேன். சீட்டில் தங்கள் கையெழுத்தில் கண்டிருந்தது: "மாமா, பழைய கம்ப்யூட்டருக்கு இதுதான் சரி. குறைந்தபட்சம் 64 எம்.பி. ராம் வேண்டும். சௌகரியமாக ஓட 128. பயப்படாமல் போடுங்கள், ஒரு மணி நேர வேலை." இதில் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முப்பத்திரண்டு வருடம் பனியன் கம்பெனி டைம் ஆபீஸில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவர்கள் பேரையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவன் நான். தாங்கள் ஒரு மணி நேரம் என்று எழுதியது என் கடிகாரத்தில் பதினோரு வாரம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை என்பதால் சிவப்பு மை எடுக்கவில்லை.

மேற்படி இயந்திரம் என்னிடம் வந்த கதை தங்களுக்கு மைதிலி சொல்லியிருப்பாள். சித்திரையில் நான் ரிட்டையர் ஆன அன்று கம்பெனியில் சால்வை போர்த்துவார்கள் என்று உங்கள் அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சால்வை போர்த்தத்தான் செய்தார்கள். மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டருக்கு. ஆபீஸுக்குப் புதுசு வந்துவிட்டதால் பழசில் ஒன்றை என் உழைப்பைப் பாராட்டி எனக்கே கொடுத்துவிட்டார்கள். அது பென்டியம் டூ. வைரஸ் பிடித்து, ஆன் செய்தால் அரைமணி நேரம் நீலமாக நின்று யோசித்துவிட்டு, யோசித்தது போதும் என்று தானே அணைந்துவிடும். சால்வையை நான் போர்த்திக்கொள்கிறேன், பெட்டி ஓரமாக இருக்கட்டும் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அப்படியே இருந்திருப்பேன், ரோஸ்மேரி வந்து கேட்காமல் இருந்திருந்தால். நம்ம காம்பவுண்டில் மூன்றாவது ஊட்டில் இருக்கிறாளே, மானாமதுரைப் பக்கத்துப் பெண், வீட்டுக்காரர் நிட்டிங்கில் வேலை செய்கிறார், அவள்தான். எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வரும் துணியில் பிசிறு, ஓட்டை இருக்கிறதா என்று செக்கிங் பார்க்கிறாள். காலையில் எட்டரைக்கு டேபிள் முன்னால் நின்றால், சாப்பாட்டு நேரம் போக ராத்திரி எட்டரை வரை அதே நிற்பு. நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி சுருண்டு கிடக்கிறது. இனியும் நின்று வேலை செய்தால் புண்ணாகி ஆபரேஷனில் போய் முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் கம்பெனியில், எந்தப் பெட்டியில் எத்தனை பீஸ் என்று கம்ப்யூட்டரில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற பெண் பிரசவத்துக்குப் போகிறாள், ஆவணிக் கடைசியில் டெஸ்ட் வைத்து உள்ளே இருப்பவர்களிலேயே ஒருத்தியை எடுக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவள் வாசலில் நின்று, "ஐயா, கோவிச்சுக்கிடலைன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தப் பொட்டியில நான் கொஞ்சம் பழகிக்கிடட்டுமா? பெரிய வேலையின்னு ஆசைப்படலைங்கய்யா. உக்காந்து பாக்குற வேலைன்னுதான்" என்றாள். "அதுக்கென்ன அம்மிணி, மாப்பிள்ளை சி.டி. அனுப்பியிருக்காரு, ஒரு மணி நேரத்துல ரெடி பண்ணீர்றேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் உங்கள் சீட்டை நம்பித்தான்.

முதலில் ராம் எவ்வளவு என்று பார்த்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சந்தோசமா போன் பண்ணி, "எங்கிட்ட நாலாயிரம் எம்.பி. இருக்குதுங்க மாப்பிள்ளை, நீங்க கேட்டது வெறும் அறுபத்துநாலு"ன்னு சொன்னேன். நீங்க சிரிக்காம, "அது ஹார்ட் டிஸ்குங்க மாமா. ஹார்ட் டிஸ்க்குங்கறது குடோனு. ராம்ங்கறது கட்டிங் டேபிளு. குடோன் எத்தன பெருசா இருந்தாலும் டேபிள் அகலத்துக்குத்தானுங்களே துணி விரிக்க முடியும்"னீங்க. எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. புரிஞ்சதுதான் தப்பு. புரியாம இருந்திருந்தா பேப்பர் படிச்சுட்டு ஊட்டோட இருந்திருப்பேன். நம்ம டேபிள் வெறும் முப்பத்திரண்டு எம்.பி.தான்னு தெரிஞ்சதும், பெட்டியை ஆட்டோவுல வெச்சுத் தூக்கிட்டு ரிப்பேர்க் கடை டேனியல்கிட்டப் போனேன். அவரு ஸ்குருவைக் கழட்டி மூடியை எடுத்தாருங்க. உள்ள மெஷினே இல்லை. பஞ்சு. பத்து வருசம் கட்டிங் ஹால் பக்கத்துல இருந்த பெட்டியில்லீங்களா, அத்தனை பஞ்சுத் தூசியும் ஃபேனு வழியா உள்ள போயி மெத்தையாட்டம் அமுங்கிக் கெடக்குது. டேனியல் ரெண்டு கையிலயும் அள்ளி அள்ளிப் போட்டாரு. கூட வந்த உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "ஏனுங், இதுல ஒரு தலகாணி தெச்சிரலாமாட்ட இருக்குதுங்களே"ன்னா. தமாசுக்குச் சொல்றான்னு நெனச்சேன். கேரி பேக்குல வாங்கிட்டு வந்துட்டாள். இந்தத் தடவை நீங்க வரும்போது சோபாவுல இருக்கற சின்னத் தலகாணி மேல சாஞ்சீங்கன்னா, அது கம்ப்யூட்டருக்குள்ள இருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்குங்க.

பஞ்சு போனதும் ஃபேன் சுத்துச்சு. ஆனா ராம் கெடைக்கலை. டேனியல், "இது எஸ்.டி. ராமுங்கய்யா. இப்ப வர்ற ராமுக்கெல்லாம் காடி வேற பக்கம் வெட்டியிருப்பான், இதுல ஏறவே ஏறாதுங்க. திருப்பூர்ல யார்கிட்டயும் இருக்காது. மடத்துக்குளத்துல செங்கோட்டையன்னு ஒருத்தர் பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தாரு, மூடிட்டாரு, அவருகிட்ட இருந்தாத்தான் உண்டு"ன்னாரு. பல்லடம் போயி, உடுமலை போயி, மடத்துக்குளம் போயி எறங்குனா, பிரவுசிங் சென்டரு இப்ப உரக்கடை. கம்ப்யூட்டரெல்லாம் யூரியா மூட்டைக்குப் பின்னால அடுக்கிக் கெடக்குது. செங்கோட்டையன் நெம்ப நல்ல மனுசருங்க. விசயத்தைச் சொன்னதும் பில் புக்கைத் தொறந்தாரு, நடுவுல இருந்து பச்சைக் கலர்ல சின்னப் பட்டையா ஒண்ணை உருவுனாரு. "இந்தாங்க, அறுபத்துநாலு. எந்தப் பக்கம் வரைக்கும் எழுதியிருக்கேன்னு அடையாளத்துக்கு வெச்சிருந்தேனுங்க"ன்னாரு. ஸ்டாக் நோட்டுல இருந்து இன்னொண்ணு. ரெண்டையும் சட்டைப் பையில பத்திரமா வெச்சுட்டுப் பஸ் ஏறுனேன். பல்லடத்துக்கிட்ட செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி டிக்கெட் கேட்டாரு. கூட்டத்துல பையில கைய விட்டு எடுத்துக் குடுத்தேன். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எந்த டிப்போ டிக்கெட்டுங்க?"ன்னாரு. அவருக்கும் பக்கத்துல நின்னுட்டிருந்தவங்களுக்கும் குடோன், கட்டிங் டேபிள் எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள திருப்பூர் வந்துருச்சு. ஊட்டுக்கு வந்து பாத்தா அந்த நெரிசல்ல ஒண்ணு முனை ஒடிஞ்சுபோயிருந்துது. டேனியல் அதை மாட்டிப் பாத்தாரு. பெட்டி மூணு தடவை கத்துச்சு. கழட்டிட்டாரு. மிஞ்சுனது ஒண்ணு. அறுபத்துநாலும் பழைய முப்பத்திரண்டும் தொண்ணூத்தாறு. உங்க சீட்டுப்படி பாத்தா குறைந்தபட்சத்துக்கு மேல, சௌகரியத்துக்குக் கீழ. பரவால்லீங்க. நானும் உங்க அத்தையும் கல்யாணம் ஆனதுல இருந்தே அந்த எடத்துலதான் குடியிருக்கறோம்.

அப்புறம் சி.டி.யைப் போட்டேன். அது எது எது வேணும்னு ஒரு லிஸ்ட்டுக் காமிச்சுது பாருங்க, நான் எல்லாத்துக்கும் டிக் போட்டேன். நட்சத்திரம் பாக்கறதுக்கு ஒண்ணு, செஸ் ஆடறதுக்கு ஒண்ணு, என்னவோ பிரெஞ்சு அகராதி ஒண்ணு. ஊடு தேடி வர்றதை எதுக்கு வேண்டாங்கறது? ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு. ஒண்ணரை மணி நேரத்துல கரண்ட் போச்சு. மறுநாள் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிசத்துல போச்சு. நான் டைம் ஆபீஸ்காரன் இல்லீங்களா, நோட்டுப் போட்டு ஒரு வாரம் கரண்ட் வர்ற நேரம் போற நேரத்தை எல்லாம் குறிச்சு, வியாழக்கிழமை காலையில ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் போகவே போகாதுன்னு கண்டுபுடிச்சு உக்காந்தேன். ஏழரைக்குப் போச்சு. எங்க நோட்டைக் கரண்ட் ஆபீஸ்காரங்க பாக்கலையாட்டிருக்குது. அன்னைக்குத்தான் நீங்க போன்ல, "மாமா, எல்லாத்தையும் டிக் பண்ணாதீங்க. லைட்டான டெஸ்க்டாப், கணக்குப் போடற புரோகிராம் ஒண்ணு, எழுதறதுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் இந்த மெஷின் தாங்கும்"னீங்க. அப்படியே பண்ணுனேன். நாப்பது நிமிசத்துல முடிஞ்சுது. இதை முதல்ல அந்தச் சீட்டுல எழுதியிருந்தா உங்க பேனா மை ஒண்ணும் தீந்திருக்காதுங்களே. நடுவுல ஒரு எடத்துல ரூட் பாஸ்வேர்டு என்னன்னு கேட்டுச்சு. ரூட்டு எதுன்னு கேக்குதாட்ட இருக்குதுன்னு "வியா பல்லடம்"னு இங்கிலீசுல அடிச்சுட்டேன். இன்னைக்கும் அதுதான். வெளிய சொல்லீராதீங்க.

முடிஞ்சுதேன்னு பாத்தா, கறுப்பாத் தெரை வந்து பேரைக் கேட்டுச்சு, அடிச்சேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு, அடிச்சேன். ஒரு எழுத்தும் காணோம், ஒரு புள்ளியும் காணோம். மறுபடி அடிச்சேன். காணோம். கீபோர்டுல பஞ்சு அடைச்சிருச்சுன்னு நான் வாய் விட்டுச் சொன்னதுதான் குத்தம். கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உங்க அத்தை அதைச் சோப்புப் பவுடர்ல ஊற வெச்சு, பிரஷ் போட்டு, அலசி, கொடியில ரெண்டு கிளிப் மாட்டித் தொங்க விட்டிருந்தா. ஓரத்துல இருந்து தண்ணி சொட்டுது. "வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு பாருங்க"ங்கறா. காஞ்சதுக்கப்புறம் அதுல பி-யும் ஸ்பேஸ் பாரும் வேலை செய்யலை. பேக்கிங் லிஸ்ட்டுல முதல் எழுத்தே பி இல்லீங்களா? டேனியல் ஒரு பழைய கீபோர்டு குடுத்தாரு. அதுல எல்லா எழுத்தும் அடிக்கும். ஆனா ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது, அத்தனையும் தேஞ்சுபோச்சு. இத்தனையும் நடந்து முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு நீங்க, "மாமா, பாஸ்வேர்டு அடிச்சா தெரையில காட்டாதுங்க, அடிச்சுட்டு என்டர் தட்டுங்க"ன்னீங்க. போனை உங்க அத்தைகிட்டக் குடுத்துட்டேன்.

ஆனா மாப்பிள்ளை, உள்ள போனதும் நின்னுச்சு பாருங்க. நீலமும் இல்லை, யோசனையும் இல்லை. ஒரு சாம்பல் கலர்த் தெரை, கீழ ஒரு பட்டை, அவ்வளவுதான். தட்டுன உடனே கணக்குப் போடற கட்டம் தொறந்துச்சு. ரோஸ்மேரி வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஏழு மணிக்கு வந்து உக்காருவா, ஞாயித்துக்கெழமை முழுக்க உக்காருவா. முதல் நாள் நாற்காலியில உக்காந்ததும் ஒண்ணும் அடிக்கலை. காலை முன்னால நீட்டி வெச்சுட்டு ரெண்டு நிமிசம் சும்மாவே இருந்தா. "ஐயா, உக்காந்துக்கிட்டே கை மட்டும் வேலை செய்யிறது எப்பிடி இருக்குங்கிறீக"ன்னு சிரிச்சா. உங்க அத்தைக்குக் கண்ணு கலங்கிருச்சு, காப்பி போடப் போறேன்னு உள்ள போயிட்டா. நானு பழக்கத்துல ஒரு நோட்டுப் போட்டு அவ வந்த நேரம் போன நேரம் எழுதி வெச்சேன். ஒரு நாள் கூட லேட் இல்லீங்க. எழுத்துத் தெரியாத கீபோர்டு இல்லீங்களா, விரலுக்கே வழி தெரிஞ்சாகணும். ஆரம்பத்துல ஏ அடிக்கப் போயி எஸ் அடிச்சா, எஸ் அடிக்கப் போயி அழுதா. மூணாவது வாரத்துல எங்கிட்டப் பேசிக்கிட்டே, கீழ குனியாம, நாப்பது கார்ட்டனுக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்.எல். பிரிச்சு அடிச்சா. மொத்தத்தை மட்டும் தானே ஒரு தடவை விரல் விட்டுக் கூட்டிப் பாத்துட்டுத்தான் மெஷின் சொல்றதை ஒத்துக்குவா.

டெஸ்ட் அன்னைக்கு நான் அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல டீக்கடையில நின்னேன். சும்மா அந்தப் பக்கம் ஒரு சோலியா போனேன்னு அவகிட்டச் சொல்லிக்கலாம்னு. காலையில அரை நாள் லீவு போட்டுட்டுப் பதினொண்ணு பத்துக்கு உள்ள போனவ பன்னெண்டு அஞ்சுக்கு வெளிய வந்தா. மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். "நல்லாத்தான் அடிச்சேங்கய்யா. நாலு பேருல நாந்தான் முதல்ல முடிச்சேன். ஆனா மேனேஜரு சொந்தக்காரப் பிள்ளைக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாகளாம். சும்மா பேருக்குத்தான் டெஸ்டு"ன்னு சொல்லிட்டு, மத்தியான வேலைக்கு நேரமாச்சுன்னு திரும்பி உள்ள போயிட்டா. நிக்கறதுக்கு. நான் டீயைக் குடிக்காமயே கீழ வெச்சுட்டேன். ஊட்டுக்கு வந்து சொன்னதும் உங்க அத்தை அந்த மேனேஜரைத் திட்டுன திட்டு இருக்குதே, அதை நான் எழுதுனா தபால்காரர் இந்தக் கவரைத் தொட மாட்டாரு. நான் பெட்டியைத் துணி போட்டு மூடிட்டேன். பதினோரு வாரமா நான் அந்தப் புள்ளைக்கு ஆசையைத்தான் காட்டுனேனோன்னு எனக்கே என்மேல வெறுப்பா இருந்துதுங்க.

நாலு நாள் கழிச்சு, அதாவது போன திங்கக்கெழமை, அந்தக் கம்பெனி பட்டன், லேபிள் ஸ்டோருக்கு இன்சார்ஜா இருக்கற நஞ்சப்பன்னு ஒருத்தரு செக்கிங் ஹாலுக்கே வந்திருக்காரு. அவருக்குத்தான் அந்தப் பேக்கிங் லிஸ்ட்டெல்லாம் போகுமாம். டெஸ்ட்டுல அடிச்ச நாலு பேப்பரையும் கையில வெச்சுக்கிட்டு, "இதுல மொத்தம் தப்பில்லாம வந்தது ஒண்ணே ஒண்ணுதான். யாரும்மா ரோஸ்மேரி?"ன்னு கேட்டிருக்காரு. இவ கையத் தூக்கியிருக்கா. "எங்க ஸ்டோர்ல உள்ள வர்றது வெளிய போறது பதிய ஆள் வேணும். ஆனா கண்ணு, அங்கிருக்கறது நெம்பப் பழைய கம்ப்யூட்டரு. ஆபீஸ்ல தள்ளிவிட்டது. மெதுவா ஓடும். காலேஜ் படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரு உக்காந்து பாத்துட்டு, இதுல மனுசன் வேலை செய்வானான்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. உனக்குப் பொறுமை இருக்குமா?"ன்னு கேட்டாராம்.

சாயங்காலம் அவ காம்பவுண்டு கேட்டுல இருந்தே கத்திக்கிட்டு வந்தா. சுருண்ட காலோட ஓடி வந்தாளுங்க மாப்பிள்ளை. "ஐயா! உக்கார வெச்சுட்டாக! அந்த மிசினைத் தொறந்து பாத்தேங்கய்யா. அதுல நூத்திருவத்தெட்டு இருக்கு! நூத்திருவத்தெட்டு! பறக்குதுங்கய்யா!" நஞ்சப்பனும் பக்கத்துல இருந்தவங்களும் இந்தப் புள்ளை என்னத்தைப் பாத்து இப்படிச் சிரிக்குதுன்னு தெரியாம முழிச்சாங்களாம். நாற்காலியில ஒரு கை ஒடிஞ்சிருக்குதாம். அது கெடக்குது. காலு கீழ தொங்காம இருக்க ஒரு பலகைப் பெட்டியைத் தானே எடுத்துப் போட்டுக்கிட்டாளாம். நேத்து டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தா. இப்படியே உக்காந்து பாத்தா ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், வேண்டாமலே கூடப் போகலாம்னு சொல்லியிருக்காரு. உங்க அத்தை கேசரி கிண்டுனா. டேனியலுக்கும் குடுத்தனுப்புனோம். மடத்துக்குளத்துக்கு அனுப்ப முடியலை.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி இந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே கூடாது என்று நானும் சாரதாமணியும் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். எனக்கு அறுபது நெருங்குகிறது, கண் எரிகிறது, பேப்பர் மூன்று மாதமாகப் பிரிக்காமல் கிடக்கிறது. தாங்கள் தீபாவளிக்கு வரும்போது பெட்டியை எடுத்துச் சென்று யாருக்காவது கொடுத்துவிடவும். தயவுசெய்து வேறு சி.டி. எதுவும் அனுப்ப வேண்டாம். துண்டுச் சீட்டு அறவே வேண்டாம். தாங்களும் மைதிலியும் பல்லாண்டு ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்து, நிறைந்த மனதோடும் தடையில்லாத மின்சாரத்தோடும் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மைதிலியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
சு. ஈஸ்வரமூர்த்தி
(டைம் ஆபீஸ், ஓய்வு)

பின்குறிப்பு: திங்கள் இரவு மணி ஒன்பது இருபது. மேல கடைசியா எழுதுன பத்தியை அடிச்சதா வெச்சுக்குங்க மாப்பிள்ளை. கவரை ஒட்டறதுக்குள்ள சாயங்காலம் வாசல்ல டெம்போ வந்து நின்னுச்சு. என்னோட பழைய கம்பெனியில ஆயுத பூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் பண்றாங்களாம், மீதி இருந்த நாலு பெட்டியையும் எறக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க அத்தை போன வாரமே எங்கிட்டச் சொல்லாம போயிக் கேட்டுட்டு வந்திருக்கா. நாலுலயும் முப்பத்திரண்டுதான். டேனியல் பாத்துட்டு, ரெண்டு ரெண்டா சேத்தா ரெண்டு மெஷினாவது குறைந்தபட்சத்துக்கு வந்துரும்ங்கறாரு. சௌகரியத்துக்கு பெங்களூர்ல பழைய எஸ்.டி. ராம் கெடைக்குமான்னு பாருங்க, ஞாயித்துக்கெழமை நானே ரயிலேறி வந்து வாங்கிக்கறேன். சி.டி.யும் இன்னும் ரெண்டு வேணும். சீட்டு வேண்டாம், நானே எழுதிக்கறேன். வேலை முடிஞ்சு செக்கிங்கில இருந்து ஆறு பேரு ரோஸ்மேரி சொல்லி வந்து வாசல்ல நிக்கறாங்க. உசிலம்பட்டிக்காரி, ஒச்சாயின்னு பேரு, பதினஞ்சு வருசமா நூல் வெட்டற கத்தரி புடிச்சு வலது கையில ரெண்டு விரலு மடங்காம போயிருச்சாம். அதை நீட்டிக் காமிச்சு, "இந்த விரல வெச்சுக்கிட்டு அடிக்க வருமாங்கய்யா?"ன்னு கேட்டுச்சு. வரும்னு சொல்லிட்டேன். வருமில்லீங்களா? உடனே பதில் போடுங்க.